கீபேட் லாக் போட்டும் வாக்கி தானாக டிரான்ஸ்மிட் ஆகிறது, ஏன்?

இரண்டுமீட்டர்:
வணக்கம். மாரத்தான் ஓட்டத்துக்கு எங்கள் ஹாம் கிளப் 12 பாவ்ஃபெங் யூவி-5ஆர் செட்டுகளைக் கொடுக்கிறது. எல்லாரிடமும் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் பாதிப் பேருக்கு இந்த செட் புதுசு. ஒத்திகையில் இரண்டு சிக்கல். இடுப்பில் மாட்டி நடந்தால் சேனல் மாறிவிடுகிறது, இல்லாவிட்டால் சேனல் எண் போய் வெறும் ஃப்ரீக்வென்ஸி வந்து நிற்கிறது. ஹாஷை அழுத்தி லாக் போடச் சொன்னோம். சிலருக்கு விழவே இல்லை. லாக் விழுந்த ஒரு செட் அப்புறமும் தானாக டிரான்ஸ்மிட் ஆகி, மற்ற 11 பேரையும் வாய் திறக்க விடவில்லை. லாக் என்பது எதைத்தான் பூட்டுகிறது? ஆட்டோ லாக் போட்டுவிடலாமா?

செம்புக்கம்பி:
லாக் விழாததற்குக் காரணம் விரல் அவசரம். # பொத்தானை சுமார் 2 விநாடி விடாமல் பிடிக்க வேண்டும். திரையின் மேல் வரிசையில் சின்னச் சாவிப் படம் வந்தால்தான் பூட்டியது. திறப்பதும் அதே மாதிரி.

சட்டென்று தட்டி விட்டால் என்ன ஆகும் என்பதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். சேனல் மோடில் # பொத்தானின் குறுகிய அழுத்தம் பவரை மாற்றும். திரையில் L என்ற எழுத்து வந்துவிட்டால் செட் லோ பவருக்குப் போய்விட்டது, அதாவது 4 வாட்டிலிருந்து 1 வாட்டுக்கு. லாக் போட்டதாக நினைத்துக்கொண்டு போகிறவர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று "கேட்குதா, கேட்குதா" என்று கத்துவார். பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் அந்த L-ஐப் பாருங்கள்.

சேனல் எண் போய் ஃப்ரீக்வென்ஸி வருவது, சேனலுக்கும் ஃப்ரீக்வென்ஸிக்கும் மாற்றும் விஎஃப்ஓ/எம்ஆர் பொத்தான் அமுங்கியதால். அதுவும், திரையின் மேல், கீழ் வரிசைகளுக்கு இடையே மாற்றும் ஏ/பி, மேல்-கீழ் அம்புக்குறி எல்லாமும் முகப்பில் இருப்பவை. லாக் இவை அத்தனையையும் பிடித்துக்கொள்ளும். இடது பக்கம் இருக்கும் மூன்றையும் விட்டுவிடும்: பிடிடி (பேச அழுத்தும் பொத்தான்), கால் (CALL), மானி (MONI). மேலே உள்ள வால்யூம் திருகுக்கும் லாக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதை யாராவது உரசித் திருப்பினால் செட் ஆஃப்.

ஆர்எஃப்_கிறுக்கன்:
மேலே சொன்னதுதான் இரண்டாவது சிக்கலுக்கும் விடை. பிடிடி பூட்டுக்கு வெளியே இருக்கிறது. எங்கே மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். முகப்பு வெளியே தெரிய வலது இடுப்பில் மாட்டினால் பிடிடி முதுகுப் பக்கம் திரும்பி நிற்கும். நாற்காலியில் சாய்ந்ததும், கார் சீட்டில் உட்கார்ந்ததும் அமுங்கும். இடது இடுப்பில் மாட்டினால் அது முன்பக்கம் வந்துவிடும், எதிலும் சாயாது. காசு செலவில்லாத மருந்து இது, முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்து வாக்ஸ், அதாவது சத்தம் கேட்டதும் பிடிடி இல்லாமலே டிரான்ஸ்மிட் செய்யும் வசதி. மெனு 4 ஆஃப் ஆக இருக்கட்டும். அது ஆனில் இருந்தால் பேண்டு வாத்தியமும் மைக் அறிவிப்பும் செட்டைத் தானே டிரான்ஸ்மிட் செய்ய வைக்கும், லாக் எதுவும் தடுக்காது.

ஸ்பீக்கர் மைக் மாட்டியிருக்கிறீர்களா? அந்த இரட்டைப் பின் பிளக் கடைசி ஒரு மில்லிமீட்டர் இறங்காமல் நின்றால் பிடிடி சுற்று தவறான இடத்தில் தொட்டுவிடும். டிரான்ஸ்மிட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் பிளக்கை உருவுங்கள். உடனே அணைந்தால் குற்றவாளி அதுதான். திரும்பச் செருகும்போது அடிவரை அழுத்துங்கள். ரப்பர் மூடி இடையில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தாலும் மனிதக் கை ஒருநாள் அழுத்தத்தான் செய்யும். அதற்காகத்தான் டிஓடி (TOT), ஒரே மூச்சில் டிரான்ஸ்மிட் ஆகும் நேரத்துக்கு வரம்பு. மெனு 9-ல் 15 முதல் 600 விநாடி வரை 15, 15-ஆக வைக்கலாம். இந்த வேலைக்கு 60 போதும். அமுங்கிய பிடிடி ஒரு நிமிடத்தில் வெட்டுப்படும், அந்த சேனலில் இருக்கும் மற்றவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

மாட்டிக்கொண்ட செட் எது என்று தேட, அலை ஓய்ந்ததும் வரிசையாகக் கூப்பிடுங்கள். டிரான்ஸ்மிட்டில் இருக்கும் செட் எதையும் கேட்காது, அதனால் "கொஞ்ச நேரமா ஒண்ணுமே கேட்கலையே" என்று வந்து நிற்பவர் பெரும்பாலும் அவர்தான்.

இரண்டுமீட்டர்:
சீட்டில் சாய்ந்ததுதான் போலிருக்கிறது, வலது இடுப்புதான். நன்றி அண்ணா. ஆட்டோ லாக் பற்றி யாரும் சொல்லவில்லையே? 12 செட்டிலும் கையால் மெனு தட்ட வேண்டுமா?

செம்புக்கம்பி:
மெனு 24. மெனு பொத்தான், 2, 4, மறுபடி மெனு, அம்புக்குறியால் ஆன், மெனு, எக்சிட். அப்புறம் 8 விநாடி எதையும் தொடாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும்.

12 செட்டுக்கு, கணினியிலிருந்து கேபிள் வழியாக நிரல் போடும் சிர்ப் (CHIRP) மென்பொருள் எளிது. செட்டிலிருந்து முதலில் படித்து, செட்டிங்ஸ் பகுதியில் ஆட்டோ லாக், டிஓடி, வாக்ஸ் மூன்றையும் வைத்துத் திருப்பி எழுதுங்கள். ஒரு செட்டின் முழுக் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றில் ஏற்றாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஃபர்ம்வேர் (செட்டை இயக்கும் மென்பொருள்) வேறாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாகப் படித்து, சேனல் வரிசையை மட்டும் ஒட்டுங்கள். "ரேடியோ பதில் தரவில்லை" என்று வந்தால் பத்தில் எட்டு முறை கேபிள் பிளக் முழுசாக இறங்கவில்லை.

மொட்டைமாடி:
ஆட்டோ லாக் எனக்கு அரை மனசுதான். புதுசாகப் பிடிப்பவர் சேனல் மாற்றப் போவார், எந்தப் பொத்தானும் வேலை செய்யாது, செட் செத்துவிட்டது என்று ஆஃப் பண்ணி வைத்துவிடுவார். போடுவதானால் ஒவ்வொரு செட்டிலும் "# 2 விநாடி" என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரே சேனலில் நிற்கப் போகிறவருக்கு கீபேடே இல்லாத பிஎஃப்-888எஸ் மாதிரி செட் இன்னும் நிம்மதி. மேலே 16 சேனல் திருகு, பக்கத்தில் பிடிடி, வேறு எதைக் கெடுக்க முடியும்? அது யூஎச்எஃப் (400 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசை) மட்டும். நம் ஊரில் 434–438 மெகாஹெர்ட்ஸுக்குள் நிரல் போட வேண்டும்.

பிடிடியையே பூட்ட வேண்டுமென்றால் யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-60ஆர் செட் அதைச் செய்யும். அதன் லாக் மெனுவில் பொத்தான்கள், டயல், பிடிடி ஆகியவற்றைத் தனியாகவோ சேர்த்தோ தேர்ந்தெடுக்கலாம். சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு அது பொருத்தம். பேச வேண்டியவரிடம் கொடுத்தால் அவசரத்தில் திட்டுவார்.

ஆர்எஃப்_கிறுக்கன்:
விட்டுப்போனவை இரண்டு.

மெனு 7, இரட்டைக் கேட்பு. அது ஆனில் இருந்தால் கீழ் வரிசை ஃப்ரீக்வென்ஸியில் யாராவது பேசிய உடனே செட் அங்கே தாவும். அந்த நேரம் பிடிடி அழுத்தினால் பதில் அங்கேதான் போகும். லாக் போட்டிருந்தும் "சேனல் மாறிவிட்டது" என்று புகார் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். மாரத்தானுக்கு ஆஃப் பண்ணிவிடுங்கள்.

இன்னொன்று கால் (CALL) பொத்தான். லேசாகத் தட்டினால் எஃப்எம் பாட்டு, பிடித்துக்கொண்டால் அலாரம். இதுவும் லாக்குக்கு அடங்காது. மெனு 32-ல் டோன் அல்லது கோட் என்று இருந்தால் அலாரம் காற்றிலும் போகும். அதை சைட் என்று மாற்றினால் சத்தம் அந்த ஒரு செட்டின் ஸ்பீக்கரோடு நிற்கும்.

இரண்டுமீட்டர்:
பார்த்தேன், 12-ல் 5 செட்டில் மெனு 32 டோனில் இருக்கிறது. மாற்றிக்கொண்டிருக்கிறேன்.