காலடியில் புண், ஆனால் வலி இல்லை: கிராமத்தில் என்ன செய்யலாம்?

கேள்வி: சர்க்கரை நோயாளி, வயசு 58, வயல் வேலை. பெருவிரலுக்குக் கீழே ஆணி மாதிரி தடித்து, நடுவில் குழி. வலியே இல்லையாம். வெந்நீரில் ஊறவைத்து மஞ்சள் பத்து போடுகிறார்கள். சரியா?

பதில் 1: இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். உணர்ச்சி இல்லாத காலுக்கு வெந்நீர் சுடுவது தெரியாது. பத்து காய்ந்தால் உள்ளே சீழ் கட்டுவது தெரியாது. 0.9% சலைன் (மருந்துக்கடை உப்புநீர்) ஊற்றிக் கழுவி, சுத்தமான காஸ் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், வளரும் புதுச் சதையை அரிக்கும். ஆணியை பிளேடால் சீவவே கூடாது.

பதில் 2: எத்தனை மருந்து போட்டாலும் அதே இடத்தில் மிதித்து நடந்தால் ஆறாது. ஆஸ்பத்திரியில் ஃபெல்ட் பேடோ (தடித்த கம்பளித் துணி மெத்தை) மாவுக்கட்டோ போட்டு அழுத்தத்தைக் குறைப்பார்கள். ஆறியபின் பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு, விரலிடுக்கில் வளையம் உள்ளது ஆகாது.

பதில் 3: வீட்டில் மற்ற சர்க்கரைக்காரர்களையும் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, இரு காலிலும் 1, 3, 5-வது விரல் நுனிகளை லேசாக 1-2 விநாடி தொடுங்கள், அழுத்தாமல். ஆறில் இரண்டு தெரியாவிட்டாலே மரத்துப்போன கால். அவர்கள் தினமும் உள்ளங்கால் பார்க்கணும், செருப்பை உதறிப் போடணும். எலி கடித்தால்கூட தூக்கம் கலையாது!

பதில் 1: ஒன்று விட்டுப்போச்சு. புண்ணைச் சுற்றி 2 செ.மீ.க்கு மேல் சிவப்பு, நாற்றம், காய்ச்சல், விரல் கறுப்பு: எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி குழிவிழுந்த புண் என்பதால் நாளைக்கே பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) போகணும்.