நத்தார் தாத்தாவும் மரண அறிவித்தல் பக்கமும்: கைக்காசு குறைந்த வருடத்தில் ஸ்டொக்கிங் நிரப்பிய கதைகள்

ஈஸ்ட்ஹாம் அம்மா, லண்டன்

போன நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, இவருக்கு வேலை குறைந்துவிட்டது. வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. நாங்கள் சைவக்காரர். யாழ்ப்பாணத்தில் நத்தார் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கேக் துண்டுதான் எனக்குத் தெரியும். இங்கே நவம்பர் முடிய முன்னமே பள்ளிக்கூடத்தில் ஸ்டொக்கிங் கதை தொடங்கிவிடும். 24ஆம் திகதி இரவு அந்த நீளக் காலுறையைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் படுத்தால், விடிய நத்தார் தாத்தாவின் பரிசால் நிறைந்திருக்குமாம். எங்கள் வீட்டுக்கு மட்டும் நத்தார் தாத்தா வழி தவறிவிட்டார் என்று சொல்ல முடியுமா?

முதல் வருடம் நான் விட்ட பிழை, கடையில் தொங்கிய சிவப்பு வெல்வெட் ஸ்டொக்கிங்கை வாங்கியது. இரண்டு பவுண்டுதானே என்று இரண்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து கையை விட்டுப் பார்த்தால் முழங்கைக்கு மேலே போகிறது. அந்த வயிற்றை நிரப்ப, ஒரு பவுண்டு, ஒரு பவுண்டு என்று 38 பவுண்டு கரைந்தது. வாங்கியதில் பாதி தைப்பொங்கலுக்கு முதலே குப்பைக்குள் போய்விட்டது.

போன வருடம் இவருடைய தடித்த கம்பளிக் காலுறையில் ஒரு சோடியை எடுத்தேன். ஆளுக்கொரு கால். பெருவிரல் பக்கத்தில் ஒரு சத்சுமா தோடம்பழம். அதற்கு மேல் காசு வடிவில் வரும் சொக்லேட் காசு, பல்துலக்கி, ஒரு சோடி சின்னக் காலுறை, பாதிப் பெட்டி கலர் பென்சில், ஸ்டிக்கர், பழைய சாமான் விற்கும் தர்மக் கடையில் 50 பென்சுக்கு வாங்கிய கதைப் புத்தகம். பென்சில் பெட்டியையும் சொக்லேட் காசு வலையையும் பிரித்து இரண்டு பேருக்கும் பகிர்ந்தேன். இரண்டு காலுறைக்கும் சேர்த்து 8 பவுண்டு 95 பென்ஸ். பல்துலக்கியும் சின்னக் காலுறையும் எப்படியும் வாங்க வேண்டியவை, அதனால் அவற்றை நான் செலவுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. (இவர் சேர்ப்பார்.)

பழம் ஏன் என்று பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி சொன்னார். நிக்கொலஸ் என்று ஒரு ஆயர், மூன்று பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் வீட்டுக்குள் இரவில் பொன் எறிந்தாராம். அது காயப் போட்டிருந்த காலுறைக்குள் விழுந்ததாம். அந்தப் பொன்னுக்குப் பதிலாகத்தான் தோடம்பழம். சீதனக் கதை என்றால் எங்களுக்கு விளங்காதா என்ன!

எல்லாவற்றையும் தனித்தனியாகச் சுற்றினால் பிள்ளைகளுக்குப் பிரிக்கவே அரை மணித்தியாலம் போகும் என்றார்கள். சுற்றும் தாளுக்குக் காசு கொடுக்க மனமில்லை. தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகையை எடுத்து, இரவு ஒரு மணிக்குக் குசினிக்குள் இருந்து சுற்றினேன். விடிய ஐந்து மணிக்கு மகள் என்னை எழுப்புகிறாள். கையில் பல்துலக்கி. சுற்றியிருந்த தாளில் மாலை போட்ட ஒரு படம். “அம்மா, இந்தத் தாத்தா யார்?” அரைத் தூக்கத்தில் நான் மரண அறிவித்தல் பக்கத்தைக் கிழித்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி அதைவிட மோசம். “நத்தார் தாத்தாவுக்குத் தமிழ் தெரியுமா?”

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஸ்காபரோ அப்பா, கனடா

அக்கா, மரண அறிவித்தல் பக்கத்தை நினைத்து பஸ்ஸுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

இங்கே எங்களுக்கு இன்னொரு தொல்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் விலைச்சீட்டில் உள்ள விலை கடைசி விலை இல்லை, காசு கொடுக்கும்போது 13 வீதம் வரி ஏறும். 20 டொலர் என்று எண்ணிக்கொண்டு போனால் 22 டொலர் 60 சதம். அதனால் நான் வரியைப் பார்த்துத்தான் நிரப்புவேன். மண்டரின் தோடம்பழத்துக்கு வரி இல்லை. புத்தகத்துக்கு 5 வீதம்தான். சொக்லேட், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் முழு 13. 2024இல் மட்டும் டிசம்பர் 14 முதல் அடுத்த பெப்ரவரி 15 வரை விளையாட்டுச் சாமான், புத்தகம், இனிப்பு எல்லாவற்றுக்கும் வரியை நிறுத்தி வைத்தார்கள். நான் 10ஆம் திகதியே எல்லாம் வாங்கி முடித்திருந்தேன். என் ராசி அப்படி.

சொக்லேட் காசுக்குப் பதிலாக நான் ஒரு லூனி நாணயத்தைப் போடுகிறேன். உண்மையான ஒரு டொலர், வரியும் இல்லை! மகன் அதை இன்னும் செலவழிக்காமல் டப்பாவில் வைத்திருக்கிறான்.

இலவசமாக ஒன்று வேண்டுமென்றால் கனடா தபால் இருக்கிறது. ‘சாண்டா குளோஸ், நோர்த் போல், H0H 0H0, கனடா’ என்று எழுதிப் போட்டால் முத்திரை ஒட்டத் தேவையில்லை, பதில் கடிதமும் வரும். அந்தத் தபால் குறியீட்டை வாசித்துப் பாருங்கள், நத்தார் தாத்தாவின் சிரிப்பு மாதிரி ஹோ ஹோ ஹோ என்று வரும். அனுப்புபவரின் விலாசத்தை எழுத மறக்க வேண்டாம், முதல் முறை நான் மறந்துவிட்டேன். வந்த பதிலைச் சுருட்டிக் காலுறையின் வாயில் செருகிவிடுவேன், பாதி இடம் அதிலேயே நிறைந்துவிடும்.

நாகர்கோவில்காரி, லீட்ஸ்

நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் ஊரில் ஸ்டாக்கிங் பார்த்ததில்லை. குடில், நட்சத்திரம், புதுத்துணி, பாதி ராத்திரி ஆராதனை, அதோடு சரி. இங்கே வந்த பிறகுதான் சாக்ஸுக்குள் பரிசு வைப்பதெல்லாம்.

நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இரண்டு வருடம் முன்னால் 24ஆம் தேதி இரவே டியூட்டி விழுந்தது, சம்பளமும் அந்த மாதம் தள்ளிப் போயிற்று. வீட்டில் இருந்ததை வைத்துச் செய்தேன். முந்திரிக்கொத்து போட்டு, அச்சு முறுக்கு சுட்டு, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினேன். முந்திரிக்கொத்து ஒரு வாரம் தாங்கும், சாக்ஸுக்குள் நசுங்காது. அச்சு முறுக்கை மட்டும் மேலே வையுங்கள். நான் கீழே வைத்தேன், காலையில் பிள்ளைகள் அதைக் கரண்டியால் சாப்பிட்டார்கள்.

இடம் மிச்சம் இருந்ததால் கையால் கூப்பன் எழுதிப் போட்டேன். ‘ஒரு நாள் தோசைக்குப் பதில் பீட்சா’, ‘அரை மணி நேரம் தாமதமாகத் தூங்கலாம்’, ‘அம்மா திட்டாத நாள்’. காசே ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லும் யோசனை இது. என்னைக் கேட்டால் ஆபத்து. பெரியவன் ‘திட்டாத நாள்’ கூப்பனைப் பத்திரமாக வைத்திருந்து, மார்ச் மாதம் பள்ளியில் இருந்து கடிதம் வந்த அன்று எடுத்து நீட்டினான். வாயை மூடிக்கொண்டு நின்றேன். கூப்பன் எழுதினால் காலாவதி தேதியையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், எங்கள் வீட்டில் பெரிய பரிசு அப்பா அம்மா பெயரில்தான். தாத்தா சாக்ஸில் வைப்பது சின்னச் சாமான் மட்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு டேப்லெட் கொடுத்த தாத்தா நமக்கு ஏன் பென்சில் கொடுத்தார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரக் கூடாது பாருங்கள்.

பேரன் வைத்திருப்பவள், ஈஸ்ட்ஹாம்

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மலிவு விலையில் கிடைக்கும் மினுங்கும் மோதிரம், பாட்டுப் பாடும் சின்னச் சாமான் இவற்றைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருப்பது பொத்தான் பட்டரி. பட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லையென்றால் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். எங்கள் பேரன் மூடியைக் கழற்றிவிட்டான், பட்டரியைக் காணவில்லை. விழுங்கினால் தொண்டையில் சிக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும் என்று தெரிந்ததால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பட்டரி சோபாவுக்கு அடியில் கிடந்தது. அந்த மோதிரம் ஒரு பவுண்டு. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே யாராவது இருந்தால், பெரியவனுடைய ஸ்டொக்கிங்கில் கோலிக்குண்டும் வேண்டாம்.

ஸ்காபரோ அப்பா, கனடா

நன்றி அம்மா. இப்போதே போய் எங்கள் வீட்டில் இருப்பதைப் பார்க்கிறேன்.

நாகர்கோவில் அக்கா, முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறா, அரிசி மாவா?

நாகர்கோவில்காரி, லீட்ஸ்

வறுத்த பயறு, வெல்லப்பாகு, தேங்காய். அரிசி மாவு மேலே முக்கிப் பொரிக்க மட்டும்தான் தம்பி.

ஈஸ்ட்ஹாம் அம்மா, லண்டன்

கூப்பனுக்குக் காலாவதி தேதி, குறித்துக்கொண்டேன்.

இந்த வருடம் மகள் நத்தார் தாத்தாவுக்குத் தமிழில் கடிதம் எழுதியிருக்கிறாள். அவருக்குத் தமிழ் தெரியும் என்று நான்தானே சொன்னேன். ‘ர’வும் ‘ற’வும் இடம் மாறிக் கிடக்கின்றன. கடைசி வரியில் அப்பாவுக்கு ஒரு சோடி காலுறை வேண்டுமாம், பழையது தோடம்பழ மணம் அடிக்கிறதாம். தடித்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், 24ஆம் திகதி எனக்கும் தேவைப்படும்.