ஏபிளா, ஐபிளா? உதவுங்கள்

நண்பர்களே, தமிழில் அழகு, ஆழம், வேகம் எதுவானாலும் 'ஆன' சேர்த்தால் பெயரடை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கேர்ஃபுல், டேஞ்சரஸ், கிளவுடி என்று சொல்லுக்குச் சொல் விகுதி மாறுகிறது. அதையாவது படிக்கப் படிக்கப் பழகிக்கொள்கிறேன்.

என்னை வாட்டுவது 'ஏபிள்' (able), 'ஐபிள்' (ible) என்ற விகுதிகளின் எழுத்துக்கூட்டல்தான். உச்சரிப்பில் வித்தியாசமே தெரிவதில்லை. விகுதியை எடுத்தபின் முழுச் சொல் மிஞ்சினால் பெரும்பாலும் ஏ எழுத்து, ரீடபிள் மாதிரி. மிஞ்சாவிட்டால் பெரும்பாலும் ஐ எழுத்து, விசிபிள் மாதிரி. சரி, பிடிபட்டது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அக்சசிபிள்! அக்சஸ் முழுச் சொல்தானே, அங்கே ஏன் ஐ?

இப்படி விதிக்கு அடங்காத சொற்களை எப்படி நினைவில் வைத்தீர்கள்? பட்டியலோ பயிற்சி முறையோ இருந்தால் பகிருங்கள். ஆங்கிலத்தில் தவறில்லாமல் எழுத மிகவும் ஆசைப்படுகிறேன்.