ஏப்ரல் முதல் வாரத்தில் குல்மார்க்: கயிற்றுக்கு வெளியே ஸ்னோபோர்டு ஓட்டலாமா?

துறைமுகத்தான் (தண்டையார்பேட்டை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ராஜாஜி சாலையில் சரக்குக் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மார்ச் 31-ஆம் தேதி கணக்கு முடியும்வரை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைக்காது. ஆகவே பனி உச்சத்தில் இருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களை நான் மறந்துவிட வேண்டியதுதான். இந்த ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் காஷ்மீரின் குல்மார்க் செல்வதென்று நானும் வியாசர்பாடி நண்பர் ஒருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

இருவருக்கும் ஸ்னோபோர்டு ஓட்டத் தெரியும். சீர்செய்த சரிவில் இரு பக்கமும் திரும்பி, வேகத்தை அடக்கி, விழாமல் இறங்கிவிடுவோம். கொண்டோலா என்னும் கம்பிவடப் பெட்டியின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, அபர்வத் மலைத்தோளில் இறங்கி, ரோந்துக் குழுவினர் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே ஓட்டியதில்லை. நண்பரோ ஸ்ப்ளிட்போர்டு (இரண்டாகப் பிரித்துக் காலில் மாட்டிக்கொண்டு மலையேற உதவும் ஸ்னோபோர்டு) ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்துக்கொண்டு, ஏறிப் போய் ஆளில்லாத சரிவில்தான் இறங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பருவக் கடைசியில் பனி கெட்டிப்பட்டுவிடும், பனிச்சரிவு பயமே கிடையாது என்பது அவருடைய வாதம். அது சரிதானா? அந்த நேரத்தில் ஓட்டத் தகுந்த பனி இருக்குமா? ஈரப்பனியில் பலகை ஒட்டிக்கொண்டு நகராது என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் ரயிலடி எழுதுகிறார்:

தம்பி, பருவக் கடைசி என்பதாலேயே மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஐ.சி.எஃப். பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு எந்த மாதமும் விடுமுறைதான். இருந்தும் நான் விரும்பிப் போவது மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும்தான். டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க்காலமான சில்லா-இ-கலானும், அதையடுத்து இருபது நாளும் பத்து நாளுமாக வரும் சின்னக் குளிர்காலங்களும் மார்ச் தொடக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. ஏப்ரலில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் குல்மார்க் மைதானத்தில் பனி கூழாகிப் புல் தலைகாட்டத் தொடங்கும். சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டாம் கட்ட உச்சி நிலையத்தைச் சுற்றிலும் பனி தாராளமாகக் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த மேல்பகுதிதான்.

அங்கே உள்ள பனியின் தரத்தை முடிவு செய்வது முந்தைய இரவு. பகல் வெயிலில் மேற்பரப்பு உருகுகிறது. மேகமில்லாத இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து மறுபடி உறைகிறது. காற்றின் வெப்பநிலை சுழியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் மேற்பரப்பு உறைந்துவிடும். இப்படிப் பல நாள் உருகியும் உறைந்தும் பழகிய பனி, கல் உப்பைப் போல மணிமணியாகிவிடுகிறது. விடியற்காலையில் அந்த மணிகள் ஒன்றோடொன்று இறுகி, எட்ஜ் என்னும் பலகையின் எஃகு விளிம்பு கடிக்காமல் கரகரவென்று சத்தம் போடும். பல் ஆட்டம் காணும் அளவுக்குப் பலகை அதிரும். வெயில் ஏறி மேலே இரண்டு விரற்கடை மட்டும் இளகும்போது வரும் ஓட்டம் இருக்கிறதே, ஜனவரி மாதத்துப் பொடிப்பனிக்கு அது ஒரு மாற்றும் குறைந்ததில்லை என்பது என் கட்சி. பொடிப்பனிப் பிரியர்கள் சண்டைக்கு வரலாம். பூட்ஸ் கணுக்கால் வரை புதைய ஆரம்பித்துவிட்டால் அந்தச் சரிவில் அன்றைய வேலை முடிந்தது.

எந்தச் சரிவு எப்போது இளகும் என்பதைச் சூரியன் தீர்மானிக்கிறது. கிழக்கு முகம் முதலில், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. வடக்கு முகம் நெடுநேரம் குளிர்ந்தே கிடக்கும். அபர்வத்தில் குல்மார்க்கைப் பார்த்திருக்கும் சரிவுகளில் பெரும்பகுதி கிழக்கும் வடகிழக்கும் நோக்கியவை. அங்கேதான் ஒரு சங்கடம் இருக்கிறது. காலையில் முதல் வெயிலை வாங்கிக்கொள்பவை அந்தச் சரிவுகள். கொண்டோலாவோ ஒன்பது, பத்து மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். முதல் கட்டம் முடியும் கொங்டோரியில் மாறி, இரண்டாவது வரிசையிலும் நின்று மேலே போய்ச் சேர்வதற்குள், நேர்கிழக்குச் சரிவின் நல்ல வேளையில் பாதி கழிந்திருக்கும். அதனால் முதலில் வந்த பெட்டியைப் பிடியுங்கள். தாமதமானால் வடகிழக்குப் பக்கம் சாய்ந்த இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ரயில்காரன் புத்தியில் இன்னொன்றும் சொல்கிறேன்: கடிகாரம் ஒன்றே என்றாலும் குல்மார்க்கில் சூரியன் உச்சிக்கு வருவது நம் சென்னையைவிட ஏறத்தாழ 24 நிமிடம் தாமதமாகத்தான். பன்னிரண்டு மணி ஆகிவிட்டதே, இனி வெயில் தணியும் என்று அங்கே கணக்குப் போடக் கூடாது.

மணலிக்காரன் எழுதுகிறார்:

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் நம் மணலியிலிருந்து எழுதுகிறேன். இமாசலத்து ஊரைப் பற்றி என்னிடம் விசாரிக்க வேண்டாம். பெரம்பூர் ஐயா பனியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேள்வியின் கனமான பகுதியை அவர் தொடவில்லை. கடைசிப் பருவத்தில் பனிச்சரிவு பயம் கிடையாது என்று நண்பர் சொல்வது அபாயகரமான பாதி உண்மை.

குல்மார்க்கில் பலரும் அறிந்த அண்மைக்கால விபத்துகள் நடுக்குளிரில் நடந்தவை. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். இந்தச் செய்திகளைப் படித்தவர்களுக்கு, குளிர் போனால் ஆபத்தும் போய்விடும் என்று தோன்றுவது இயல்பு. வசந்தத்தில் ஆபத்து வேறு வேடத்தில் வருகிறது. உருகிய நீர் மேலிருந்து கசிந்து இறங்கி, அடுக்குகளுக்கு இடையே இருந்த பிடிப்பைக் கரைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் மூடிப்போன நலிந்த அடுக்கு ஒன்றுக்கு அந்த நீர் முதன்முறையாகப் போய்ச் சேரும் நாள்கள் மிக மோசமானவை. ஈரப்பனிச்சரிவு பொடிப்பனிச்சரிவின் வேகத்தில் வராது. ஆனால் எடை மிகுதி, நின்றதும் இறுகிவிடும், உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. போதாக்குறைக்கு மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் காற்றழுத்தச் சலனம்) ஒன்று ஏப்ரலிலும் வந்து புதுப்பனி கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் வெயில் அடித்தால் அந்தப் புதுப்பனி முழுவதும் ஒரே நாளில் ஈரமாகிச் சரியத் தயாராகிவிடும்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகின்றன. ஆசை காட்டும் சரிவுகளும் அவைதான். கைப்பேசியில் சாய்வு அளக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் நீங்கள் நிற்கும் இடம் 25 பாகைதான் என்றாலும் தலைக்கு மேலே செங்குத்தான சரிவு தொங்கிக்கொண்டிருந்தால் அந்த 25 பாகைக்கு எந்த மதிப்பும் இல்லை. பாறைகளுக்குக் கீழிருந்து சின்னச் சின்னப் பனிப் பந்துகள் தாமாக உருண்டு வந்து, பின்னால் கோடு இழுத்துக்கொண்டு போனால், அந்த முகத்தை விட்டு உடனே வெளியேறுங்கள். இரவு முழுவதும் மேகம் மூடியிருந்து பனி உறையவே இல்லை என்றால் அன்று காலை எட்டு மணிக்குக்கூட வெளிச்சரிவுக்குப் போகக் கூடாது.

என் தீர்ப்பு இது: உங்கள் இருவரின் தற்போதைய பழக்கத்துக்கு, வழிகாட்டி இல்லாமல் கயிற்றைத் தாண்ட வேண்டாம். உள்ளூர் வழிகாட்டியோடு, அவர் காட்டும் மென்சரிவில், அவர் சொல்லும் நேரத்தில் போகலாம். மலைமுகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் எண்ணமே வேண்டாம்; எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு தொலைவில் இல்லை, ராணுவம் நடமாடும் பகுதி. கையில் பிரீபெய்டு சிம் இருந்தால் ஜம்மு காஷ்மீரில் அது ஊமையாகிவிடும், போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அவருடைய வாக்கிடாக்கிக்கே தகும். நண்பருக்கு ஏறிப் போக வேண்டும் என்ற வெறி அடங்காவிட்டால், 2020-இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியே இமாசலத்தின் லாகவுல் பக்கம் இன்னோர் ஆண்டு திட்டமிடலாம். அங்கே கொண்டோலா கிடையாது என்பதால் விடியுமுன் நடக்கத் தொடங்கிச் சரியான நேரத்துக்கு உச்சியில் நிற்கலாம்.

துறைமுகத்தான் எழுதுகிறார்:

ஐயா, மணலி அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. நண்பரிடம் படித்துக் காட்டினேன்; சற்று முகம் சுருங்கினாலும் வழிகாட்டி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் ரேடியோ கருவியான டிரான்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியான புரோப், மண்வாரி மூன்றையும் குல்மார்க்கில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பயன்படுத்தும் முறையை விமானத்தில் படித்துக்கொள்ளலாம் என்கிறார். அது போதுமா? ஈரப்பனியில் பலகை ஒட்டாமல் இருக்க அடியில் என்ன மெழுகு போடுவது என்பதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

காசிமேடு கயல் எழுதுகிறார்:

அண்ணா, விமானத்தில் படித்தால் போதாது. புதையுண்டவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலும் உயிர் பிழைப்பார்; அரை மணி நேரம் கடந்தால் நம்பிக்கை மிகவும் மெலிந்துவிடும். வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்த 15 நிமிடம் போய்விடும் என்பதால், உங்கள் உயிர் நண்பர் கையிலும் அவர் உயிர் உங்கள் கையிலும்தான் இருக்கிறது. கை பழகியிருக்க வேண்டும்.

பழகுவதற்குப் பனி தேவையில்லை, நம் கடற்கரையே போதும். நானும் என் தம்பியும் திருவொற்றியூர்ப் பக்கம், அலை வராத உலர்ந்த மணலில் பழகுகிறோம். ஒரு டிரான்ஸீவரை அனுப்பும் நிலையில் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, கோணிப்பையில் சுற்றி, முழங்கை ஆழத்துக்குமேல் ஒருவர் புதைக்க வேண்டும். மற்றவர் படகு மறைவிலிருந்து வந்து தேட வேண்டும். எல்லாக் கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. எந்த நிறுவனத்துக் கருவியும் மற்றொன்றைக் கண்டுபிடிக்கும். திரையில் எண் குறையக் குறைய நடையைத் தளர்த்தி, கடைசியில் கருவியைத் தரையை ஒட்டிப் பிடித்து, மிகக் குறைந்த எண் வரும் புள்ளியில் புரோப்பைக் குத்த வேண்டும். மலையில் குத்தும்போது சரிவுக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாக வெளியே நகர வேண்டும். கோணியில் முட்டியதும் புரோப்பை உருவாமல் அப்படியே விட்டுவிட்டு, தலைக்கு நேர்மேலே தோண்டாமல் சரிவின் கீழ்ப்பக்கமிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு போக வேண்டும். கைப்பேசி கருவிக்கு அருகில் இருந்தால் எண் தாறுமாறாக ஆடும். அனுப்பும்போது 20 சென்டிமீட்டரும் தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி வையுங்கள். வாடகைக் கருவியில் புது அல்கலைன் பேட்டரியை உங்கள் கையாலேயே போடுங்கள். வலைபின்னும் பெரியவர்கள் எங்களைப் பார்த்து என்ன புதையல் என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

மெழுகைப் பொறுத்தவரை, குளிர்ப்பனிக்கான கெட்டி மெழுகை வழித்துவிட்டு, வெப்பப்பனிக்கு உரிய மென்மையான மெழுகைப் போடுங்கள். ஈரப்பனியில் பலகை ஒட்டுவது, அடியில் தேங்கும் நீர்ப்படலம் உறிஞ்சிப் பிடிப்பதால்தான். அடிப்பரப்பில் நீர் வழிந்தோட மெல்லிய வரிகள் கீறித் தருவார்கள். அதுவும் மெழுகும் சேர்ந்தால் வித்தியாசம் காலில் தெரியும். ஃபுளோரின் கலந்த மெழுகு யாரேனும் மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதைத் தடைசெய்துவிட்டது, உடலுக்கும் கேடு. ஊருக்குத் திரும்பியதும் நம் உப்புக் காற்றில் எஃகு எட்ஜ் பத்தே நாளில் செம்பழுப்பாகிவிடும். துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, அடியிலும் ஓரத்திலும் மெழுகைத் தடிப்பாகப் பூசி, வழிக்காமல் அப்படியே விட்டு, பரணில் ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று, கடற்கரை வெயிலில் வளர்ந்த நமக்கு மலை வெயில் என்ன செய்துவிடும் என்று இருக்காதீர்கள். உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும். புதுப்பனி 80 விழுக்காடு வரை அனுப்பும். மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவ மறப்பவர்கள்தான் அதிகம். கண்ணாடியைக் கழற்றவே கூடாது.

பெரம்பூர் ரயிலடி எழுதுகிறார்:

கயல் சொன்ன மணல் பயிற்சியை நானும் வழிமொழிகிறேன். மணலிக்காரர் சொன்னதில் ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்ல வேண்டும். கொண்டோலா டிக்கெட்டை இணையத்தில் தேதி போட்டு முன்கூட்டியே வாங்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்தாகிவிட்டதே என்ற ஒரே காரணத்துக்காக, உறையாத பனியில் மேலே போகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தங்கும் நாள்களில் முதல் நாளுக்கு இரண்டாம் கட்ட டிக்கெட் வாங்காதீர்கள். கடல்மட்டத்திலிருந்து போகும் உடம்புக்கு உயரம் பழகவும் அந்த நாள் வேண்டும். மற்ற நாள்களுக்கு வாங்கிக்கொண்டு, அதில் ஒன்று வீணாகும் என்று பயணச் செலவிலேயே எழுதிவிடுங்கள். காலை ஐந்தரை மணிக்கு விடுதி வாசலில் இறங்கிப் பனியை மிதித்துப் பாருங்கள். மேலே இருக்கும் பனி இதைவிடக் குளிர்ந்ததுதான் என்றாலும், வாசலில் கால் புதைந்து வானத்திலும் மேகம் அப்பியிருந்தால் வழிகாட்டிக்குப் போன் செய்து, அன்று கயிற்றுக்கு உள்ளேயே ஓட்டிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு நூன் சாய் என்னும் காஷ்மீரத்து உப்புத் தேநீர் குடிக்கப் போகலாம்.