புதுப்பிப்பு: கோஸ்டாரிக்காவுக்கு மசாலாத்தூள்

மிளகாய்த்தூள் பாக்கெட்டை ஆங்கில லேபிளோடு கோஸ்டாரிக்காவுக்கு அனுப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஸ்பானிய மொழி ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். லேபிளைப் பொறுத்தவரை அது சரி. மத்திய அமெரிக்கத் தொழில்நுட்ப விதிமுறைப்படி பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாடு, இறக்குமதியாளர் முகவரி, காலாவதி தேதி எல்லாம் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும். கூடுதல் லேபிளாக ஒட்டினாலும் ஏற்பார்கள்.

ஆனால் லேபிளில் சுகாதாரப் பதிவு எண்ணும் வேண்டும். நேரம் பிடிப்பது அங்கேதான். அந்த எண்ணைப் பெற, பொருளை அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தில் பதிய வேண்டும். பதிவு 5 ஆண்டு செல்லும். இந்தியாவில் தடையின்றி விற்கப்படும் பொருள் என்ற சான்றிதழும் கேட்கிறார்கள். தயவுசெய்து சரக்கைக் கப்பலேற்றும் முன் இதை முடித்துவிடுங்கள். பதிவு யார் பெயரில் இருக்கும் என்பதையும் இறக்குமதியாளரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இறக்குமதியாளரை மாற்ற நினைத்தால் பெரிய தலைவலி.

கோஸ்டாரிக்காவில் செய்த பதிவு, அதே வட்டாரத்து நாடான குவாத்தமாலாவிலும் செல்லுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு நாட்டுப் பதிவை அண்டை நாடு ஏற்கும் வசதி, அந்த வட்டாரத்திலேயே தயாரான உணவுக்குத்தான். நம் சரக்குக்குத் தனிப் பதிவு வேண்டும்.