தரம் 11 விஞ்ஞானம்: உயிருள்ள இழையங்கள், ஒளித்தொகுப்பு ஆகியவற்றை வகுப்புப் பரீட்சைக்கு எவ்வாறு மீட்டுவது?

கேள்வி: தலவாக்கலை அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 11இல் கற்கிறான். அடுத்த வியாழக்கிழமை உயிருள்ள இழையங்கள், ஒளித்தொகுப்பு ஆகிய இரு அலகுகளிலும் அவனுக்கு வகுப்புப் பரீட்சை நடைபெறவுள்ளது. பாடநூலையும் கொப்பியையும் அவன் விடாமல் வாசிக்கிறான். வரைவிலக்கணங்களைக் கேட்டால் ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவிக்கிறான். ஆயினும் சென்ற தவணை விடைத்தாளைப் பார்த்தபோது, பல்தேர்வு வினாக்களில் நல்ல புள்ளிகளைப் பெற்றவன், 'காரணம் தருக', 'விளக்குக' என்று கேட்கப்பட்ட இடங்களிலெல்லாம் ஒரு வரியோடு நின்றுவிட்டிருப்பது தெரிந்தது. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் கற்றவள் என்பதால் அவனுக்கு எதைக் கேட்டுப் பயிற்சி கொடுப்பது என்று புரியவில்லை. ஹட்டனில் நடக்கும் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பினால் திரும்பி வர இருட்டிவிடுகிறது. வீட்டிலிருந்தே மீட்டுவதற்கு வழி கூறினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: விஞ்ஞான ஆசிரியர், பதுளை

தங்கைக்கு வணக்கம். உங்கள் தம்பிக்கு வாசிப்பதில் குறையில்லை; நினைவிலிருந்து எழுதிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை என்று தோன்றுகிறது. திறந்திருக்கும் புத்தகத்தை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். அதை மூடிவைத்துவிட்டு வெற்றுத் தாளில் எழுத முனையும்போதுதான் எந்த இடத்தில் அறிவு அறுந்திருக்கிறது என்பது வெளிப்படும். எனவே இனி அவனிடம் வரைவிலக்கணம் கேட்காதீர்கள். 'ஏன் அப்படிச் செய்கிறோம்?' என்று மட்டும் கேளுங்கள். கேட்பவருக்கு விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒளித்தொகுப்பு அலகில் வினாக்கள் மிகுதியாக எழும் இடம், ஒளித்தொகுப்பில் உண்டாகும் மாப்பொருள் இலையில் உள்ளதா என்று அயடீனால் பார்க்கும் மாப்பொருட் சோதனை. அதன் படிகளை எல்லா மாணவர்களும் வரிசையாக எழுதிவிடுவார்கள். புள்ளிகள் இருப்பதோ ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தில். தாவரத்தைச் சோதனைக்கு முன்னர் 48 மணித்தியாலம் இருளில் வைப்பது, இலையில் ஏற்கெனவே உள்ள மாப்பொருளை அகற்றுவதற்காகவாகும். அவ்வாறு அகற்றாவிட்டால், இறுதியில் காணும் மாப்பொருள் பரிசோதனையின்போது உண்டானதா, முன்பே இருந்ததா என்று கூற முடியாது. இலையைக் கொதிநீரில் இடுவதால் கலங்கள் இறந்து, நொதியத் தாக்கங்கள் நின்று, மென்சவ்வுகள் சிதைவதால் அயடீன் கரைசல் உட்செல்வது இலகுவாகிறது. அற்ககோலில் இட்டு வெப்பமேற்றுவது பச்சையத்தை நீக்குவதற்காக. பச்சை நிறம் எஞ்சியிருந்தால் நிறமாற்றம் தெளிவாகத் தெரியாது. அற்ககோலை நேரடியாகச் சுவாலையில் வெப்பமேற்றாமல் நீர்த்தொட்டியில் வைப்பது ஏனென்றால், அது ஏறத்தாழ 78 பாகை செல்சியசில் கொதிப்பதுடன் அதன் ஆவி எளிதில் தீப்பற்றவும் கூடியது. அற்ககோலினால் இலை மொறுமொறுப்பாகிவிடுவதால், நீரில் கழுவி மென்மையாக்கிய பின்னரே அயடீன் இடப்படுகிறது. மாப்பொருள் உள்ள பகுதி கருநீலமாகும். இல்லாத பகுதி அயடீனின் மஞ்சட்கபில நிறத்தையே காட்டும்.

அடுத்து வருவது கட்டுப்பாட்டுப் பரிசோதனை. காபனீரொட்சைட்டின் அவசியத்தைக் காட்டும் அமைப்பில், ஓர் இலை காபனீரொட்சைட்டை உறிஞ்சும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு உள்ள குடுவையிலும், மற்றைய இலை அதற்குப் பதிலாக நீர் உள்ள குடுவையிலும் இருக்க வேண்டும். ஒளி, வெப்பநிலை, தாவரம் ஆகிய மற்றைய யாவும் ஒரே விதமாக இருக்க வேண்டும். 'மாற்றியது எது, மாற்றாமல் விட்டவை எவை' என்ற கேள்விக்கு உங்கள் தம்பி தடுமாறாமல் விடை கூறுவானாயின் அந்தப் பகுதியை அவன் விளங்கிக்கொண்டான் என்று கொள்ளலாம். பச்சையத்தின் அவசியத்துக்கு வெண்மையும் பச்சையும் கலந்த இலை வேண்டும். வேலியோரத்தில் அத்தகைய செவ்வரத்தை இருந்தால் இலையொன்றைப் பறித்து, பச்சைப் பகுதியின் எல்லையை முதலில் தாளில் வரைந்து வைக்கச் சொல்லுங்கள். அவ்வாறு வரைந்து வைக்காவிட்டால், பச்சையத்தை நீக்கிய பின்னர் எப்பகுதி எதுவாக இருந்தது என்று ஒப்பிட வழியிராது. அற்ககோல் சேரும் படிகளை வீட்டு அடுப்பில் செய்துபார்க்க வேண்டாம். அது ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வுகூடத்தில் நடக்க வேண்டியது. நம் மலையகத்தில் எத்தனையோ பாடசாலைகளுக்கு ஒழுங்கான ஆய்வுகூடம் இல்லை என்பதால், பிள்ளைகள் இச்சோதனையைக் கண்ணால் காணாமலே மனனம் செய்கிறார்கள். காரணம் கேட்டால் பேனா நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்தான்.

பதில்: உயர்தர உயிரியல் மாணவி, ஹட்டன்

ஆசிரியர் ஒளித்தொகுப்பைக் கூறிவிட்டதால் நான் இழையங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அக்கா. இவ்வலகு பெயர்களால் நிறைந்தது. ஆனால் ஒப்பிட்டுக் கற்றால் பாரம் பாதியாகக் குறையும். எடுத்துக்காட்டாக, நீரைக் கடத்தும் இழையமான காழில் காழ்க்கலன் மூலகம், குழற்போலி, காழ்நார், காழ்ப்புடைக்கலவிழையம் என்னும் நான்கில் உயிருள்ளது புடைக்கலவிழையம் மாத்திரமே. உணவைக் கடத்தும் இழையமான உரியத்தில் நெய்யரிக்குழாய் மூலகம், தோழமைக்கலம், உரியநார், உரியப்புடைக்கலவிழையம் என்னும் நான்கில் இறந்தது நார் மாத்திரமே. நெய்யரிக்குழாய் மூலகத்துக்கு முதிர்ந்த நிலையில் கரு இல்லை. ஆயினும் அது உயிருள்ளது. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இடத்தில் தனிப் பிரியம் உண்டு.

தசையிழையங்களையும் அவ்வாறே மூன்று நிரல்களாக வரைந்து, கலத்தின் வடிவம், கருக்களின் எண்ணிக்கை, வரிகள், இச்சைக்குக் கட்டுப்படுதல், களைப்படைதல் ஆகியவற்றை நிரப்பச் சொல்லுங்கள். இதயத்தசையில்தான் பலர் வழுக்குகிறார்கள். அது வன்கூட்டுத் தசையைப் போல வரிகள் உடையது, மழமழப்பான தசையைப் போல இச்சைக்குக் கட்டுப்படாதது. இவ்விரண்டிலும் இல்லாதவாறு அதன் நார்கள் கிளைகொண்டவை. குருதி ஒரு தொடுப்பிழையம் என்பதையும் மறக்கவேண்டாம். அட்டவணையைப் பல வண்ணங்களில் அழகாக எழுதி அறைச் சுவரில் ஒட்டினால் பார்க்கப் பார்க்க மனத்தில் பதியும். நான் அவ்வாறுதான் சாதாரண தரத்துக்குக் கற்றேன்.

பதில்: விஞ்ஞான ஆசிரியர், பதுளை

அட்டவணையைப் பற்றி மகள் கூறியதில் ஒரு திருத்தத்தை மட்டும் முன்வைக்கிறேன். சுவரில் ஒட்டப்பட்ட அட்டவணை சில நாட்களில் சுவரோடு சுவராகிவிடும். கட்டங்களை மாத்திரம் கீறி, உள்ளே எதுவும் எழுதாமல், பார்க்காது நிரப்பி, பின்னர் பாடநூலோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையால் திருத்துவதும், மறுநாள் திருத்திய கட்டங்களை மட்டும் மீண்டும் நிரப்புவதுமே பயன் தரும். வண்ணம் தீட்டுவதில் செலவாகும் நேரத்தைப் படம் வரைவதற்குக் கொடுக்கலாம்.

மேலதிகக் கேள்வி: தலவாக்கலை அக்கா

ஐயாவுக்கும் தங்கைக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை தம்பியை அமர்த்தி, நீங்கள் கூறியவாறு ஒவ்வொரு படிக்கும் 'ஏன்' என்று கேட்டேன். கொதிநீரையும் அற்ககோலையும் சமாளித்துவிட்டான். ஆனால் இருளில் வைத்தால் இலையிலுள்ள மாப்பொருள் எங்கே போகிறது என்று கேட்டபோது விழித்தான். அருகிலிருந்த அப்பா, 'கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில் ஓர் இலையும் இல்லாதபோது அது எதைத் தின்று தளிர்க்கிறது?' என்று வேறு கேட்டுவிட்டார். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர், நுவரெலியா

உங்கள் அப்பா கேட்டது பொருத்தமான கேள்வி, மகள். கவ்வாத்துக்குப் பின்னர் புதிய தளிர்கள் வருவது வேரில் சேமிக்கப்பட்டிருக்கும் மாப்பொருளைக் கொண்டுதான். அது போதாத செடி கவ்வாத்து வெட்டினால் பட்டுப்போகவும் கூடும் என்பதால், வெட்டுவதற்கு முன்னர் பென்சில் தடிப்பளவான வேர்களை எடுத்துக் குறுக்கே வெட்டி, அயடீன் கரைசல் இட்டு, கருமை எந்த அளவுக்கு ஏறுகிறது என்று பார்க்கும் முறை தோட்டங்களில் உண்டு. தம்பி பாடநூலில் கற்கும் சோதனையும் அதுவும் ஒன்றே. அங்கே இலை, இங்கே வேர். மாப்பொருள் குறைவாகக் கண்டால், கொழுந்து பறிப்பதைச் சில வாரங்கள் நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஓரிரு கிளைகளை இலைகளோடு விட்டு வெட்டுவதும் உண்டு. தளிர் வரும்வரை அவ்விலைகள் ஒளித்தொகுப்பு நடத்திச் செடியைத் தாங்கும். தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உங்கள் தலவாக்கலையிலேயே அமைந்திருக்கிறது என்பதைத் தம்பிக்கு நினைவூட்டுங்கள்.

பதில்: விஞ்ஞான ஆசிரியர், பதுளை

ஐயாவின் விளக்கத்தை விடையாக எழுதும் முறையை மட்டும் சேர்த்துவிடுகிறேன். மாப்பொருள் நீரில் கரையாதது. ஆகவே அது அதே வடிவில் இலையை விட்டுப் போக முடியாது. அது கரையக்கூடிய வெல்லமாக மாற்றப்பட்டு, ஒரு பகுதி இலையின் சுவாசத்துக்குப் பயன்பட, மீதி சுக்குரோசாக உரியத்தின் வழியே வேர், தண்டு, பழம் முதலிய பகுதிகளுக்குக் கடத்தப்பட்டு, சேமிக்கும் இடத்தில் மீண்டும் மாப்பொருளாகிறது. பகலிலும் இக்கடத்தல் நடைபெறுகிறது. ஆனால் ஒளியுள்ளபோது உற்பத்தி மிஞ்சுவதால் இலையில் மாப்பொருள் தேங்குகிறது, இருளில் உற்பத்தி நின்றுவிடுவதால் தேங்கியது தீர்கிறது. தம்பி விட்டுவைத்த வரிகள் இவையே. உரியம் இழையங்கள் அலகிலும் மாப்பொருள் ஒளித்தொகுப்பு அலகிலும் வருவதால், இரண்டையும் இணைத்து ஒரு வினா வரவும் இடமுண்டு.

காரணிகளைப் பற்றிய வினாவுக்கும் உங்கள் ஊரையே பயன்படுத்தலாம். மூடுபனி இறங்கிய பகலில் ஒளித்தொகுப்பு வீதம் குறைவது ஒளிச்செறிவு எல்லைப்படுத்தும் காரணியாவதால், அதாவது போதாமையால் வீதத்தை மேலே செல்லவிடாது தடுப்பதாலாகும்; அந்நேரத்தில் காபனீரொட்சைட்டைக் கூட்டினாலும் பெரிய பயன் கிடையாது. பனி விலகிக் கடும் வெயில் எறிக்கும் குளிர்ந்த காலையில் ஒளி போதுமானதாக இருப்பினும் தாழ்ந்த வெப்பநிலை நொதியங்களின் தொழிற்பாட்டை மந்தமாக்குவதால் வீதம் எல்லைப்படலாம். வளியில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 0.04 சதவீதமே உள்ளது என்பதையும் சேர்த்து, வீதத்துக்கும் ஒளிச்செறிவுக்கும் இடையிலான வரைபைக் கீறி, அது ஓரிடத்துக்குப் பின் ஏன் கிடையாகிறது என்பதைத் தன் சொற்களில் எழுதச் சொல்லுங்கள்.

பாடநூலில் கிழிந்த பக்கங்கள் ஏதும் இருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதே நூலை இலவசமாகத் தரவிறக்கலாம். புதன்கிழமை இரவு புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். சிவப்பு மையால் திருத்திய கட்டங்களை மட்டும் ஒருமுறை பார்க்கட்டும். அவன் எழுதிய விடைகளில் ஐயம் இருந்தால் படமெடுத்து இங்கே இடுங்கள், திருத்தித் தருகிறேன்.