அறையில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் அங்கே படிப்பு நகரவில்லை. என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான் கேட்கிறார்:

வணக்கம். எனக்கு 26 வயது, சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். போன தடவை 200 கேள்வியில் 128 சரி. தமிழ் கைகொடுத்தது, பொது அறிவும் கணக்கும் காலை வாரிவிட்டன.

லைன் வீட்டில் நாலு பேர் தங்கியிருக்கிறோம். ஒரே அறை, ஓரத்தில் சமையல். திண்டுக்கல் அண்ணன் சிங்கர் டெய்லர், தேனிக்காரர் ஓவர்லாக், இன்னொரு பையன் அயர்னிங். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இவர்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது திண்டுக்கல் அண்ணன் அந்த வாரச் சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் வைத்தார். இன்றுவரை திருப்பிக் கேட்டதில்லை.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஒன்பது மணிக்கு மேல்தான் அறைக்கு வருவோம். ஒருத்தர் அரிசி களைவார், ஒருத்தர் வெங்காயம் உரிப்பார். நான் புத்தகத்தை எடுத்தால் "படி தம்பி, நாங்க சத்தம் போடல" என்று போன் சத்தத்தைக் குறைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரிப்பு வரும். "இதை மட்டும் பாரு" என்று போனை நீட்டுவார்கள். நானும் பார்ப்பேன். அதோடு மணி பதினொன்று. என் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் மஞ்சள் விரல்தடம் இருக்கிறது, குழம்பு வைத்த கையோடு புரட்டியது. பதினோரு நாளாக அந்தப் பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனேன். பத்து நாள் சித்தி வீட்டில். சித்தி மகள் கல்லூரியில் படிக்கிறாள். காலை நாலரைக்கு எழுந்து திண்ணையில் லைட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் பாய் சுருட்டும் சத்தத்தில் எனக்கும் விழிப்பு வந்துவிடும். சும்மா படுத்திருக்க என்னவோ போலிருந்தது, நானும் போய் உட்கார்ந்தேன். அந்தப் பத்து நாளில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் இரண்டையும் முடித்துவிட்டேன். திருப்பூரில் ஒரு பக்கம் தாண்டாத அதே ஆள்தான் நான்.

இங்கே என் பங்கு வாடகை 1,100. தனி அறை என்றால் 3,500க்குக் குறையாது. பணம்கூடச் சமாளிக்கலாம். அண்ணனிடம் எந்த முகத்தோடு சொல்வது? அறையை விட்டுப் போகத்தான் வேண்டுமா?

தாலுகா அக்கா:

தம்பி, அறையை மாற்றும் முன்னால் படிக்கிற இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான் தேறியது கூட்டுக் குடும்பத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டுதான். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, ஆனால் என் நேரம் என் கையில் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துவார்கள், அங்கே போனேன். உண்மையைச் சொன்னால் வகுப்பைவிட அங்கே பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்தான் எனக்குப் பெரிய உதவி. அவளுக்கு இலக்கணம் தடுமாற்றம், எனக்கு எண் தொடர் சுத்தமாக வராது. கணக்கும் நுண்ணறிவும் சேர்த்து 25 கேள்வி, அதை விட்டுவிட்டு எப்படித் தேறுவது? தினமும் நான் அவளை ஐந்து இலக்கணக் கேள்வி கேட்பேன், அவள் எனக்கு ஐந்து கணக்கு தருவாள். நாளைக்கு அவள் கேட்பாளே என்றுதான் பிள்ளை தூங்கிய பிறகு பேனாவை எடுப்பேன்.

உங்களுக்கு வார நாளில் வேலை. சரி, ஒரு நாள் லீவு போட்டு அங்கே போய், ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் சேர்ந்து படிக்கிறவர்கள் யாரென்று விசாரியுங்கள். ஒரே ஒருவர் போதும்.

மேன்ஷன்வாசி:

அக்கா சொல்வதில் ஒன்று சேர்க்க வேண்டும் தம்பி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லாருமே படிக்க உதவும் கூட்டாளி ஆகிவிட மாட்டார்கள். நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று வருஷம் இருந்தேன். மாடி முழுக்க நம்மைப் போன்றவர்கள். காலையில் திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி கோட்டூர்புரத்தில் இறங்குவோம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. இடம் பிடித்துப் பையை வைத்துவிட்டு டீக்கு வெளியே வருவோம். கட்-ஆப் எவ்வளவு வரும், காலியிடம் கூட்டுவார்களா, விடைக்குறிப்பில் எந்தக் கேள்வி தப்பு. மணி மூன்றாகிவிடும். தேர்வைப் பற்றிப் பேசியதையெல்லாம் படித்ததாகவே கணக்கு வைத்திருந்தேன். மூன்று வருஷம் தம்பி, அம்மா நகையை அடகு வைத்து அனுப்பிய பணம்.

அங்கே ஒருவர் வருவார், இரவில் ஏடிஎம் காவல் வேலை. வந்தால் எழுந்திருக்க மாட்டார், டீக்குக் கூப்பிட்டாலும் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொள்வார். ஒருநாள் அவர் பக்கத்து நாற்காலிக்கு மாறினேன். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதுகூட இல்லை. நான் தேறியது அதற்குப் பிறகுதான்.

அனுப்பர்பாளையம்:

நானும் திருப்பூர்தான், பத்தாவது பாதியில் மெஷினில் உட்கார்ந்தவன். உங்கள் அண்ணன் இடத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அறையிலும் ஒரு பையன் படித்தான். ஒருநாள் நாங்கள் கம்பெனியில் இருந்தபோது பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது அரசு வேலையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். மனசு நிறைந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவனுக்கும் சேர்த்துச் சோறு வடித்து வைத்துக் காத்திருந்தோம், அது இன்னும் மறக்கவில்லை. எங்கள் சத்தம் உனக்கு இடைஞ்சல் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டோமா? தம்பி, போவதென்றாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. அனுப்பர்பாளையம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவே பேசினேன். திண்டுக்கல் அண்ணன் அரிசி களைந்துகொண்டே கேட்டார். "இதை ஏன்டா இத்தனை நாள் உள்ளேயே வெச்சிருந்த?" என்றார், அவ்வளவுதான். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மாவிடம் போய், மொட்டை மாடிப் படிக்கட்டு லைட்டை இரவில் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கி வந்தார். தண்ணீர் பிடிக்க அவர் நாலரைக்கு எழுவார். இனி என்னையும் எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இன்று காலை எழுப்பினார். ஆறரை வரை படிக்கட்டில் இருந்தேன்.

இரண்டு மாதம் இப்படிப் பார்க்கிறேன். நகரவில்லை என்றால் தனி அறைதான், அதையும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், வேலைவாய்ப்பு அலுவலகம் போக. அக்கா, எண் தொடருக்கு நீங்கள் எதிலிருந்து ஆரம்பித்தீர்கள்?